இரண்டு வெடி என்று சொன்னது நான்தான்

பச்சையம்மாள் ஒரு விரலைக் காட்டினாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

இந்த வாரம் இதைத்தான் எழுதப்போகிறேன். போன வாரம் கல்லூரி விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன். சிரித்துச் சிரித்துப் படித்தோம், இப்படியே எழுதுங்கள் என்று சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். இதில் சிரிக்க அதிகம் இல்லை. ஒரு மனிதனைச் சாவுக்கு அனுப்பிவைத்த கதை இது. அனுப்பியவள் நான்.

இடம் ஜவ்வாது மலை. அமிர்தியைத் தாண்டி மேலே ஏறும் பாதை. எழுபதுகளின் கடைசிப் பக்கம். மழை விட்டுப் பனி தொடங்கியிருந்த மாதம். காலை பத்து மணி தாண்டியிருக்கும், புல்லில் இன்னும் ஈரம் காயவில்லை. பாதையில் ஒரு ரேஷன் அரிசி லாரி நின்றது. அதன் முன் இருக்கையில் ஓட்டுநர் பாஷா பாய், என் அம்மா. நான் கீழே குதித்திருந்தேன். எனக்கு எதிரே சிவப்புக் கொடியோடு பச்சையம்மாள். அவள் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி மாணிக்கம். பாறைக்கு வெடி வைக்கிறவர்.

மாணிக்கம் அவள் விரலைப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். மறுபடி அவள் விரலைப் பார்த்தார்.

அவள் பள்ளிக்கூடம் போகாதவள். நான் இயற்பியலில் பட்டம் வாங்கியவள். அவர் என்னை நம்பினார்.

எண்ணுகிறவள்

அந்தப் பாதையை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு வளைவில் பெரிய பாறை மறித்தது. கீழே ஒரு கல்குழி, ஜல்லிக்குக் கல் அங்கிருந்துதான். இரண்டு இடத்திலும் தினம் காலையில் ஒவ்வொரு வெடி. தனித்தனியாக வைத்தால் பாதையை இரண்டு தடவை அடைக்க வேண்டும். அதனால் ஒரே நேரத்தைக் குறித்துக்கொண்டு இரண்டு இடத்திலும் திரி கொளுத்துவார்கள். மேலே மாணிக்கம், கீழே அவர் மச்சான்.

கொளுத்தியதும் மாணிக்கம் சைக்கிளில் ஏறிவிடுவார். மிதிக்கவே வேண்டாம். இறக்கத்தில் தானாக உருண்டு, இரண்டு இடத்துக்கும் நடுவிலிருந்த புளியமரத்தடிக்கு வந்து நிற்பார். மேல் வளைவு அங்கிருந்து அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவு. கீழ்க்குழியும் அதே தூரம். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. காதுதான் கணக்கு.

ஆனால் மாணிக்கத்துக்குக் காது போய்விட்டது. படவேட்டுப் பக்கத்துக்காரர், பதினைந்து பதினாறு வருடமாக வெடி வைத்தே காது போனது. அவர் மச்சானுக்கும் பாதி போயிருந்தது. அதனால் அந்த வேலையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெடி வைத்தவன் எண்ணக் கூடாது. தூர நிற்கிறவள் எண்ண வேண்டும். எண்ணி, விரலால் காட்ட வேண்டும்.

பச்சையம்மாள் இரண்டு விரல் காட்டினால் கொடி இறங்கும், பாதை திறக்கும். ஒரு விரல் காட்டினால் ஒருவரும் அசையக் கூடாது. திரி சில சமயம் குழிக்குள்ளே தூங்கிவிடும். செத்துவிட்டது என்று நினைப்போம். பத்து நிமிடம் கழித்து வெடிக்கும், அரை மணி கழித்தும் வெடிக்கும். அதனால் ஒரு மணி நேரம் முழுசாகக் காத்திருப்பார்கள். பிறகு மாணிக்கம் தனியாகப் போய்ப் பார்ப்பார். அதற்கப்புறம் பக்கத்தில் இன்னொரு குழி போட்டு வெடித்துத் தீர்க்க வேண்டும். அன்றைக்குப் பாதை அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு அன்று காலையில் தெரியாது. பாஷா பாய்க்குத் தெரியும். அவர் லாரியை ஓட்டிக்கொண்டே பாதிதான் சொன்னார்.

பதினோரு மணி

மலைமேல் இருந்த வானாய்வு நிலையத்தில் கணக்குப் போட உதவியாள் எடுக்கிறார்கள் என்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு இருக்க வேண்டும். இது எனக்கு நாலாவது நேர்முகம். மூன்றில் "பிறகு தெரிவிக்கிறோம்" என்றார்கள். தெரிவிக்கவில்லை.

அப்பா சொல்லிவிட்டார். "இதான் கடைசி. இதுவும் இல்லன்னா வூட்ல இரு. வர்ற தையில கல்யாணம்." மாப்பிள்ளை யாரென்றுகூட எனக்குச் சொல்லவில்லை. தையை மட்டும் சொன்னார்.

அமிர்திவரை பஸ். அதற்குமேல் பாஷா பாயின் லாரி. அம்மா துணைக்கு வந்தாள். துணை என்றால் என்ன துணை? வேலூரிலிருந்தே, "மணி இன்னா ஆச்சு, மணி இன்னா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கைக்கடிகாரம் அப்பாவுடையது. பெரிய வட்டம், என் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஓடும். ஒவ்வொரு தடவையும் அதைக் கீழே இழுத்துப் பார்த்து மணி சொன்னேன்.

வழியெல்லாம் நான் ஒரு நோட்டைத் திறந்து படித்துக்கொண்டே வந்தேன். நிச்சயம் கேட்பார்கள் என்று ஒருத்தர் சொல்லியிருந்த பாடம் அது. ஓடுகிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் "ஒரே நேரம்" என்பது ஒன்றாக இருக்காது என்ற பாடம்.

மண்ணில் போட்ட படம்

லாரி புளியமரத்தை நெருங்கும்போது பச்சையம்மாள் கொடியை ஆட்டினாள். பாஷா பாய் நிறுத்தவில்லை. ஊர்ந்தபடியே மரத்தைத் தாண்டினார். கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒரு வெடி. அம்மா திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாள். என் கையைப் பிடித்தாள். மறுபடியும் ஒரு சத்தம். பாஷா பாய் பிரேக்கை மிதித்தார்.

பச்சையம்மாள் ஓடிவந்து லாரிக் கதவைத் தட்டினாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லி உடம்பு.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது? கொடி ஆட்டினு கீறேன், நீ பாட்டுக்கு வர்ற?"

"ஏத்தத்துல நிறுத்திட்டா அப்பால யாரு தள்றது? நீ தள்ளுவியா?" என்றார் பாஷா பாய்.

"நீ செத்தா மட்டும் நான்தான தூக்கணும்."

மாணிக்கம் மரத்தடியிலிருந்தே கத்தினார். காது கேட்காதவர்கள் பேசுவதே கத்தல்தான். "எத்தினி?"

அவள் ஒரு விரல் காட்டினாள்.

"நல்லா கேட்டியா?"

தலையாட்டினாள்.

"போச்சு. பாய், வண்டிய திருப்பு. இன்னிக்கி வழி கிடையாது."

அம்மா லாரிக்குள்ளிருந்தே அழ ஆரம்பித்துவிட்டாள். "இன்னாங்க இது அநியாயம், பொண்ணு பதினோரு மணிக்கு மேல இருக்கணும்ங்க." அது மாணிக்கத்துக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் நான் குதித்தேன். இரண்டு விரலைக் காட்டினேன்.

"எனக்கு ரெண்டு கேட்டுச்சு. பாய், உங்களுக்கு?"

"எனக்கு இஞ்சின் சத்தம்தாம்மா கேட்டுச்சு. நீ ரெண்டுன்னா ரெண்டுதான். ஜல்தி போலாம்."

"அம்மா, உனக்கு?"

"எதுவோ கேட்டுச்சு. ரெண்டுதாண்டி இருக்கும்."

பச்சையம்மாள் மட்டும் நகரவில்லை. "ஒன்னுதான்."

என் தலைக்குள் அந்த நோட்டுப் புத்தகம் திறந்துகொண்டது. நடுவில் நிற்கிற ஆள். நடுவைக் கடந்து ஓடுகிற வண்டி. இரண்டு முனையிலும் இரண்டு நிகழ்ச்சி. புத்தகத்திலிருந்த படம் அப்படியே மலைப் பாதையில் வந்து நிற்கிறது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் பொய் இல்லை. ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் கோடு போட்டேன். மேல் வளைவு, கீழ்க்குழி, நடுவில் மரம், லாரி. மாணிக்கம் பக்கத்தில் வந்து குனிந்தார். கேட்காத மனிதருக்குப் படம் பிடித்துப்போனது.

நான் அவர் காதருகே கத்தினேன். "இவங்க நடுவுல நிக்கறாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வெடிச்சா, ரெண்டு சத்தமும் சேர்ந்துதான் வரும். ஒன்னாத்தான் கேக்கும். நாங்க மேல பாத்து போய்கினு இருந்தோம். மேல்சத்தத்துக்கு எதிர்ல போனோம். கீழ்ச்சத்தம் எங்கள தொரத்தினு வரணும். அதான் எங்களுக்கு மேல முதல்ல, கீழ அப்புறம். ரெண்டு!"

"சேர்ந்து வெடிச்சதா? ஒரு நாளும் சேர்ந்து வெடிச்சதில்லியே."

"இன்னிக்கி வெடிச்சிடுச்சி."

"இது புஸ்தகத்துல கீதா?"

"கீது," என்றேன்.

அவர் பச்சையம்மாளைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச பொண்ணு படமே போட்டு காட்டுது. நீ நடுவுல நின்னுகினு ரெண்ட ஒன்னா கேட்டுக்கீற."

"எனக்கு படம்லாம் தெரியாது. ஒன்னுதான்."

"போ புள்ள." கடப்பாரையைச் சைக்கிளில் கட்டினார். "பாதையில விழுந்த கல்ல ஒதுக்கிட்டு கைய காட்றேன் பாய். வாங்க."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் நடந்தார்.

கரும்பலகை ரயில்

அவர் ஏறி முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் அந்தப் பாடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரியில் அதை நடத்தியவர் கரும்பலகையில் ஒரு ரயிலை வரைவார். நடைமேடையில் ஒருவன், ரயிலின் நடுவில் ஒருவன். ரயிலின் இரண்டு முனையிலும் மின்னல் விழுகிறது. நடைமேடைக்காரன், "இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன" என்கிறான். ரயில்காரன், "இல்லை, முன்னால் விழுந்ததுதான் முதலில்" என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் சரி. எழுதிக்கொள்ளுங்கள், பத்து மதிப்பெண். நாங்கள் எழுதிக்கொண்டோம். எப்படி இரண்டு பேரும் சரி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டால் மணியடித்துவிடும்.

ரயில் என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வரும். சின்ன வயதில் காட்பாடி ஸ்டேஷனில் நாங்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம், அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கியிருந்தார். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகர்ந்தது. எங்கள் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று அம்மா போட்ட கூச்சலில் நாலு பேர் சங்கிலியை இழுக்கப் போனார்கள். அப்பா கூஜாவோடு திரும்பி வந்து, "நிக்கற வண்டிய எதுக்குடி நிறுத்தற?" என்று கேட்டார். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பது உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது. பாடத்தின் முதல் பாதி அவ்வளவுதான். அம்மாவே அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

இரண்டாவது பாதிதான் நான் நெட்டுருப் போட்டது, புரிந்துகொள்ளாதது. ஒளி எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் வரும். நின்றாலும் சரி, அதை எதிர்த்து ஓடினாலும் சரி. இப்போது ரயில்காரன் நினைத்துப் பார்க்கிறான். "நான் என் ரயிலின் நடுவில் இருக்கிறேன். இரண்டு முனையும் எனக்குச் சம தூரம். இரண்டு ஒளியும் ஒரே வேகம். முன்னாலிருந்து வந்தது முதலில் என்னைத் தொட்டது. அப்படியானால் அது முதலில் விழுந்தது." இதில் தப்பு ஏதாவது உண்டா? இல்லை. ஒளி வர ஆன நேரத்தை அவன் கழித்துப் பார்த்தாலும் அதே பதில்தான். நடைமேடைக்காரன் கழித்துப் பார்த்தாலும் அவனுடைய அதே பதில்தான். இவர்கள் இருவரையும் விசாரித்து, "உண்மையில் எது முதலில்" என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் இந்த உலகத்தில் கிடையாது.

சத்தம் அப்படி இல்லை. சத்தம் காற்றில் வருகிறது. அதற்குக் காற்று ஒரு தரை மாதிரி. லாரியில் போகிறவன் காற்றை எதிர்த்துப் போகிறான், அவனுக்கு முன்சத்தம் வேகமாக வருகிறது, பின்சத்தம் மெதுவாக. அதைக் கழித்துவிட்டால் மரத்தடியில் நிற்கிறவளும் லாரிக்காரனும் ஒரே பதிலுக்கு வந்துவிடுவார்கள். வெடித்தது ஒன்றா இரண்டா, எது முதலில் என்பதற்கு அங்கே ஒரே ஒரு பதில்தான் உண்டு.

நான் மண்ணில் போட்ட படம் புத்தகத்தில் இருந்தது. அதன் அடியில் எழுதியிருந்தது என் தலையில் இல்லை.

இருபதில் ஒரு பங்கு

பாஷா பாய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். ஏன் தெரியுமா? நேர்முகத்தில் இதையே சொல்லலாம் என்று. "வரும் வழியில் எனக்கே நடந்தது, சார்" என்று ஆரம்பித்தால் அசந்துவிடுவார்கள் அல்லவா? அதற்கு எண் வேண்டும். கணக்குப் போட்டுக்கொண்டு போவோம் என்று பென்சிலை எடுத்தேன்.

லாரி ஊர்ந்த வேகம் விநாடிக்கு நாலு மீட்டர் என்று வைத்தேன். மரத்திலிருந்து ஒவ்வொரு இடமும் எழுநூறு மீட்டர். சத்தம் வர இரண்டு விநாடி. வெடித்தபோது லாரி சரியாக மரத்துக்கு நேரே என்று எனக்குச் சாதகமாகவே வைத்தேன். இரண்டு விநாடியில் லாரி எட்டு மீட்டர் மேலே போயிருக்கும். மேல்சத்தத்துக்கு எட்டு மீட்டர் குறைவு, கீழ்ச்சத்தத்துக்கு எட்டு மீட்டர் அதிகம். வித்தியாசம் பதினாறு. பதினாறு மீட்டரைச் சத்தம் கடக்க எவ்வளவு நேரம்?

ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு.

மறுபடி போட்டேன். அதேதான். இருபதில் ஒரு பங்கு விநாடியில் யாருக்கும் இரண்டு வெடி கேட்காது. ஒரே வெடியாகத்தான் கேட்கும், கொஞ்சம் தடித்த வெடியாக. எனக்குக் கேட்ட இரண்டுக்கும் நடுவில் அம்மா தலையைத் திருப்பி, என் கையைப் பிடிக்க நேரம் இருந்தது.

அம்மா தலையைத் திருப்பினாள். எந்தப் பக்கம்?

"அம்மா, வெடி கேட்டப்ப எங்க பாத்த?"

"பின்னாலதான். பின்னாலதான வெடிச்சுது."

பின்னால். கீழ்க்குழி. நான் மாணிக்கத்திடம் மேலேதான் முதலில் என்று சொன்னேன். என் காதும் பின்னால் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பாடத்தில் முன்னால் என்று இருந்ததால் காதை மாற்றிக்கொண்டேன். வேண்டுமென்றா, தெரியாமலா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கே தெரியவில்லை. இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

 பச்சையம்மாளிடம் ஓடினேன்.

"எனக்கு ரெண்டாவது ஒரு சத்தம் கேட்டுச்சே, அது இன்னா?"

"அது எதிர்மலை," என்றாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற செங்குத்துப் பாறையைக் காட்டினாள். "தெனம் அதான் திருப்பிச் சொல்லுது. அத எண்ணக் கூடாது."

"ஏன் இத முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? படிச்ச பொண்ணு, தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்."

கேட்காத மனிதர்

மேல் வளைவு வெடிக்கவில்லை. மாணிக்கம் அங்கே போய்க்கொண்டிருக்கிறார். அவருக்குக் காது கேட்காது.

கத்தினேன். பைத்தியம் மாதிரி கத்தினேன். பாஷா பாய் ஹாரனை அழுத்தினார், மலையே அதிர்ந்தது, பாதைத் திருப்பத்தில் தெரிந்த வெள்ளைச் சட்டை திரும்பவில்லை. மெதுவாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறைந்தது.

"வண்டிய எடுங்க பாய்!"

"வெடி மேல வண்டி வுடச் சொல்றியா? மூணு புள்ளங்க கீது எனக்கு." அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பச்சையம்மாள் யாரையும் கேட்கவில்லை. கொடியைக் கீழே போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். பாதையை விட்டுவிட்டு, ஆடு ஏறும் தடத்தில் நேராக மேலே பாய்ந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா என் பெயரைச் சொல்லி அலறியது கேட்டது. செருப்பு அறுந்தது. முள் கிழித்தது. திரி தூங்கும், எழுந்திருக்கும், தூங்கும், எழுந்திருக்கும் என்பதைத் தவிர என் தலையில் வேறெதுவும் ஓடவில்லை.

நான் பாதி ஏறும்போதே அவள் மேலே பாதையைத் தொட்டுவிட்டாள். மாணிக்கம் அவளுக்கு ஐம்பதடி முன்னால், முதுகைக் காட்டியபடி. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கடப்பாரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்து எட்டு வைத்தால் வளைவு. பச்சையம்மாள் ஒரு கல்லை எடுத்து வீசினாள். அது அவர் காலுக்குப் பக்கத்தில் விழுந்து புழுதி கிளப்பியது.

திரும்பினார். முகம் சிவந்திருந்தது, வசவு வாய்வரை வந்துவிட்டது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினாள். பிறகு என்னைக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். ஒன்று. ஒன்றுதான்.

அவர் கடப்பாரையைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பாதையில் இறங்கி ஓடினோம்.

ஒரு மணி நேரம்

மரத்தடியில் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் நேர்முகமெல்லாம் எனக்கு மறந்துபோனது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதும்.

மாணிக்கம் வெற்றிலையை எடுத்தார். சுண்ணாம்பு தடவாமலே டப்பாவை மூடிவிட்டார்.

"ரெண்டுன்னு ஏன் சொன்ன?" என்றார்.

"கணக்கு தப்பாயிடுச்சி," என்றேன்.

"இன்னா?"

"கணக்கு தப்பாயிடுச்சி!"

"மண்ணுல படம் போட்டியே, அதுல தப்பா?"

அதில் தப்பில்லை. புத்தகத்தில் தப்பில்லை. ஓடுகிறவனுக்கும் நிற்கிறவனுக்கும் நேரம் விலகுவது உண்மைதான். பிற்பாடு அதற்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சத்தம் வரும் தாமதத்தையெல்லாம் கழித்துவிட்டு, பாஷா பாயின் லாரிக்கும் பச்சையம்மாளுக்கும் நடுவில் உண்மையாக விலகிய நேரம் எவ்வளவு? ஒரு விநாடியைக் கோடி பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை மறுபடி கோடி பங்கு போட்டால், அதில் ஆறு பங்கு. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு மனிதனை மேலே அனுப்பினேன். இன்னொன்றும் பிற்பாடுதான் தெரிந்தது. ஒன்றிலிருந்து ஒளி கிளம்பி மற்றதைத் தொட நேரம் இருந்துவிட்டால், அந்த இரண்டின் வரிசையை எந்த ரயிலில் போகிறவனும் மாற்ற முடியாது. திரி எரிந்த பிறகுதான் வெடி. எவ்வளவு வேகமாக ஓடினாலும், யார் பார்த்தாலும்.

அதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் என்ன? அவர் கேட்டது அது இல்லை.

எழுந்து அவர் காதருகே போனேன். "மேல போவணும்னு சொன்னேன்! எனக்கு ரெண்டு வேணும், அதான் ரெண்டுன்னு சொன்னேன்!"

அம்மாவுக்குக் கேட்டது. பாஷா பாய்க்குக் கேட்டது. மாணிக்கத்துக்குச் சரியாக விழவில்லை. பச்சையம்மாளைப் பார்த்து, "இன்னா சொல்லுது?" என்றார்.

அவள் அவர் தோளைத் தட்டி, மலையுச்சியைக் காட்டி, என் கடிகாரத்தைக் காட்டினாள். அவருக்குப் புரிந்துவிட்டது.  திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"எல்லாருக்குந்தான் மேல போவணும்," என்றார். "நான் போய்க்கினுதான் இருந்தேன்."

பாஷா பாய் சிரித்துவிட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அதை அடக்க அடக்க விக்கல் வந்தது. பதினோரு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பிறகு பத்து நிமிடம். எதிர்ப் பாறையில் வெயில் ஏறிக்கொண்டே போனது. 

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மேல் வளைவு வெடித்தது.

காலடியில் நிலம் உதறியது. கொஞ்ச நேரம் முன்பு அவர் சைக்கிளைச் சாய்த்த இடத்துக்கு மேலே கற்கள் வானத்தில் எழுந்து, சிறுசும் பெருசுமாகச் சரிவில் உருண்டன. அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மாணிக்கம் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. வளைவுப் பக்கம் பார்க்கவும் இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"சொல்லு படிச்ச பொண்ணே. எத்தினி?"

நான் கையை நீட்டிப் பச்சையம்மாளைக் காட்டினேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. எதிர்மலை பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.